கிழிக்காத டோக்கன்கள்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். அங்கே நீயும் சுகம் என்று இத்தனை நாள் நீ சொன்னதை வைத்தே நம்பியிருந்தேன், இனிமேல் அத்தாட்சி பார்த்துத்தான் நம்புவேன். ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் முழுதும் படி. லீவுக்கு வந்தபோது துவைக்கச் சொல்லி நீலக் கோட்டை விட்டுவிட்டுப் போனாய் அல்லவா, சலவைக்கூடத்தில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிற கை, பையைத் தடவாமல் எந்தத் துணியையும் மெஷினில் போடாது. உள்பையில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு. பஸ் டிக்கெட் என்று எறியப் போனேன், பிறகு நீ வாங்கிக் கொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். பொடி எழுத்தில் மதிய உணவு என்று போட்டிருந்தது, கீழே தேதி. நாற்பத்தொரு டோக்கன், ஒன்றுகூடக் கிழிக்கவில்லை. அப்பா வந்து பார்த்துவிட்டு, பட்டறைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

உன் அறைத்தோழிக்குப் போன் செய்தேன், அவளைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். மீந்த டோக்கனைக் கொடுத்தால் பருவ முடிவில் காலேஜ் கேண்டீனில் பணம் திருப்பித் தருவார்களாம், போன பருவம் அப்படி வந்த பணத்தில்தான் என் கண்ணாடியாம். 'மத்தியானம் தண்ணி குடிச்சிட்டு லைப்ரரில போய் உக்காந்துப்பா ஆன்ட்டி' என்றாள். முதல் வாரத்திலேயே காசைக் கரியாக்குகிற பெண், அவளைப் போல ஆகிவிடாதே என்று உன்னிடம் எத்தனை தடவை ஓதியிருக்கிறேன். அவள்தான் வாரத்தில் இரண்டு நாள் தன் தட்டில் பாதியை உன் பக்கம் தள்ளுகிறாளாம்.

தப்பு என்னுடையது. மற்ற அம்மாக்கள் போனை எடுத்ததும் சாப்பிட்டாயா என்பார்கள், நான் 'இந்த மாசம் எவ்ளோ மிச்சம்?' என்றுதான் ஆரம்பிப்பேன். நீயும் பரீட்சை மார்க் மாதிரி மாசா மாசம் கூட்டிக்கொண்டே போனாய், அப்பாவும் 'எங்க வீட்டு நிதி மந்திரி' என்று பட்டறையில் பீற்றிக்கொண்டார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவே இல்லை. அளந்து செலவு செய்வது நல்ல பழக்கம், அதை விடச் சொல்லவில்லை, செருப்பிலோ போன் ரீசார்ஜிலோ எவ்வளவு வேண்டுமானாலும் இழுத்துப் பிடி, தட்டில் பிடிக்காதே. ஆகையால் ஒரு முடிவு எடுத்துவிட்டேன், இதில் பேச்சுக்கே இடமில்லை. நாற்பத்தொன்றையும் இதோடு வைத்திருக்கிறேன், பணமாக மாற்றி அந்தத் தோழியோடு வெளியே போய் வயிறாரச் சாப்பிடு, பத்து பைசா மிச்சம் வைக்காதே. இனி நானும் மிச்சம் எவ்வளவு என்று கேட்க மாட்டேன். டோக்கனைக் கிழித்துப் பாதியைக் கையில் தருவார்களாமே, அந்தப் பாதிகளை வாரா வாரம் கவரில் போட்டு எனக்கு அனுப்பு. ஒரு வாரம் வரவில்லை என்றாலும் லீவு போட்டுவிட்டு உன் கேண்டீன் வாசலில் வந்து நிற்பேன், எல்லோர் முன்னாலும் ஊட்டியும் விடுவேன்.

வயிறும் மனசும் நிறைந்து நீ நன்றாக இருக்க வேண்டும், அப்பாவின் ஆசியும் இதில் சேர்த்தி. கோட்டைத் துவைத்துத் தனியாகப் பார்சலில் அனுப்புகிறேன். வாரத்துக்கு ஐந்து பாதி, ஞாபகம் இருக்கட்டும். பழசைக் கலந்து ஏமாற்றப் பார்க்காதே, தேதி பொடி எழுத்துதான், ஆனால் என்னிடம் கண்ணாடி இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா