டார்லீன் கையிலிருந்து வாங்கிய புதிர்ப் புத்தகம்

டுலூத்
மே மாதம், ஞாயிறு மதியம்

அன்பு மகள் கிர்ஸ்டனுக்கு,

நானும் அப்பாவும் இங்கே நலம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் எங்கள் பேச்சைக் கேட்காமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. அலாஸ்காவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஈரம் காய்ந்த காலுறை போட்டு, சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன், கடவுளுக்கு இதைவிட முக்கியமான வேலை இருந்தால் இருக்கட்டும். இங்கே ஏரியில் பனிக்கட்டி உடைந்துவிட்டது. மீன்பிடிக் காலம் தொடங்கிய அன்றே அப்பா படகை இழுத்துக்கொண்டு போனார், பிடித்து வந்தது சளி மட்டும்தான். அதற்கும் நான்தான் சூப் வைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வின் புதிர்ப் பகுதிக்கு ஒரு நல்ல புத்தகம் கிடைத்தால் அனுப்பு, சிரமமாக இருந்தால் வேண்டாம், ஆகஸ்டிலேயே எழுதிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். உன்னைப் பெற்றவளுக்கு உன் ‘வேண்டாம்’ தெரியாதா? ஆகஸ்டிலிருந்து அந்தப் புதிர்ப் பகுதியையே எடுத்துவிடுகிறார்கள், தேர்வு எழுதுகிற பிள்ளைகள் எல்லாம் துள்ளிக் குதிக்கிறார்கள். உனக்கோ உருப்படியாக வருவது அது ஒன்றுதான். மாதிரித் தேர்வின் வாசிப்புப் பகுதியில் நீ வாங்கிய மதிப்பெண்ணை நான் பாஸ்டரிடம்கூடச் சொல்லவில்லை. ஆகஸ்டில் எழுதினால் நீ கரையேறுவது கஷ்டம், ஜூனில் எழுதினால்தான் உண்டு, அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ஆகையால் சிரமம் என்ற பேச்சே வேண்டாம்.

புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. இனி யாருக்கும் தேவையில்லை என்று ஊரில் ஆளாளுக்குத் தூக்கி எறிகிறார்கள். நூலகத்திலிருந்து முதலில் குண்டாக ஒன்று எடுத்து வந்தேன், அட்டையில் ஒருவன் பல்லெல்லாம் காட்டிச் சிரிக்கிறான், உள்ளே பாதிப் பக்கம் அவன் எவ்வளவு கெட்டிக்காரன் என்பதுதான். அப்புறம் ஒன்று, எல்லாப் புதிருக்கும் அம்புக்குறியும் கட்டமும் போடச் சொல்கிறது, அதைப் படித்து முடிப்பதற்குள் நீ நீதிபதியாகி ஓய்வே பெற்றுவிடலாம். அதிலிருந்து ஒரு புதிரை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஏழு பேர், ஏழு நாற்காலி, இன்னார் ஜன்னல் பக்கம் உட்காரமாட்டார், இன்னார் இன்னாருக்குப் பக்கத்தில் உட்காரமாட்டார். அப்பா மூக்கைச் சிந்திவிட்டு, “அந்தாளுக்கு ஜன்னல்ல என்ன பிரச்சனையாம்? நின்னுக்கிட்டே சாப்பிடச் சொல்லு” என்றார். அவரிடம் கேட்டதற்கு என்னைச் சொல்ல வேண்டும். ஆனால் உனக்குத் தந்திரம் சொல்லித் தருகிற புத்தகம் தேவையில்லை, நிஜமான பழைய வினாத்தாள்கள்தான் தேவை என்று அப்போதுதான் உறைத்தது. அதுவும் யாரும் கிறுக்காததாக இருக்க வேண்டும், அழித்த பென்சில் தடம் தெரிந்தாலே உன் கண் விடையில்தான் போய் நிற்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

அதற்காகத்தான் நேற்று சர்ச்சின் பழைய சாமான் விற்பனைக்குப் போனேன். கடைசி மணி நேரம், பை நிறைய அள்ளினாலும் ஒரே விலை என்று அறிவித்துவிட்டார்கள். அடித்தளக் கூடத்தில் அந்தப் பழைய வினாத்தாள் தொகுப்பு மட்டும் மேசையில் ஒரு குவியல் கிடந்தது. ஒவ்வொன்றாகப் புரட்டினேன், எல்லாம் கிறுக்கல், ஒருத்தன் ஓரத்தில் தன் காதலியைத் திட்டிக்கூட எழுதியிருக்கிறான். சுத்தமாக இருந்தது ஒன்றே ஒன்று. அதை நான் தொடவும், எதிர்ப்பக்கத்திலிருந்து டார்லீன் சோர்பி எடுக்கவும் சரியாக இருந்தது. அவள் மகன் கிராண்ட் ஆகஸ்டில்தான் எழுதுகிறான், புதிர் என்றாலே ஓடுகிறவன், எதற்கும் இருக்கட்டும் என்று அம்மாக்காரி எடுக்கிறாள்.

அவள் புத்தகத்தை என் பக்கம் நீட்டி, “நீங்களே எடுத்துக்குங்க லோர்னா” என்றாள். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியுமே. நான் ஐயோ வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அவள் மறுபடி நீட்ட வேண்டும், நான் மறுபடி மறுக்க வேண்டும், மூன்றாம் தடவைதான் கை நீளலாம். தட்டில் மிஞ்சிய கடைசித் துண்டை யாரும் தொடாமல் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகிற கூட்டம்தானே நாம். என் வாய் ‘ஐயோ’ வரை வந்துவிட்டது. அப்போது அங்கே நீ வேலை பார்க்கிற இடத்து மேலதிகாரி நினைவுக்கு வந்தார். குளிர்காலத்தில் அவர் உனக்குச் சட்டக் கல்லூரிக்குப் பரிந்துரைக் கடிதம் தருகிறேன் என்றதற்கு, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றாயாமே. டெக்ஸாஸ்காரர், ஒரு தடவை வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டு போய்விட்டார். நீ இன்னும் அவர் இரண்டாம் தடவை கேட்பார் என்று உட்கார்ந்திருக்கிறாய்.

“சரி, நன்றி டார்லீன்” என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். முதல் தடவையிலேயே. அவள் கை அந்தரத்திலேயே நின்றது. காப்பி ஊற்றிக்கொண்டிருந்தவள் கோப்பை வழிவதைக்கூடப் பார்க்கவில்லை. நான் திருடியிருந்தால்கூட இவ்வளவு பேர் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். கூச்சத்தில் காது சுட்டது, ஆனாலும் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன். இன்று காலை டார்லீன் ஒரு தட்டு நிறைய இனிப்புச் செய்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், நம் ஊரில் சண்டை போடும் முறை அது. அப்பா கடைசித் துண்டையும் முழுசாகத் தின்றார், தொற்றுவியாதி போலிருக்கிறது.

புத்தகம் நாளைத் தபாலில் வருகிறது. எதற்கம்மா இதெல்லாம் என்று பதில் போடாதே. இதைப் படித்த கையோடு அந்த டெக்ஸாஸ்காரரிடம் போய், அந்தக் கடிதம் எனக்கு வேண்டும் என்று வாய்விட்டுக் கேள். ஜூனில் எழுது. அப்புறம் ஏதாவது ஒரு கல்லூரி உனக்கு இடம் தருகிறேன் என்று சொன்னால், யாருக்கோ போக வேண்டியதை நீ பிடுங்கிக்கொண்டதாக நினைத்துக் குமையாதே. காது சுடும், சுட்டால் சுடட்டும், சரி என்று சொல். இரண்டாம் தடவை யாரும் கேட்கமாட்டார்கள் கண்ணே.

கடவுள் உன்னைக் காப்பாராக, அலாஸ்காக் கரடியிடமிருந்தும் உன் சொந்த நல்ல குணத்திலிருந்தும். கம்பளித் தொப்பியைக் கழற்றாதே.

முத்தங்களுடன்,
ஊரில் பெயர் கெட்டுப்போன
உன் அம்மா லோர்னா