வாசலில் கேட்ட இருமல்

இருமாமல் எந்த அறைக்குள்ளும் நுழையாத என் அப்பாவுக்கு,

நீங்கள் இறந்துபோய் எட்டு மாதம் ஆகிறது. ஹெப்பகோடி வீட்டில் இப்போது நானும் அம்மாவும்தான். எனக்கு அதே கம்பெனி, ஆட்களின் வருகையைப் பதிகிற அதே டைம் ஆபீஸ் வேலை, இடுப்புக்குக் கீழே அதே விறைப்பு.

சின்ன வயதில் என் கால்களுக்குத்தான் நோய் என்று எவ்வளவு எண்ணெய் தேய்த்தீர்கள். கால்களில் குறை இல்லை, பிறக்கும்போது மூளையில் பட்ட காயம், அதன் கட்டளை தசைகளுக்குத் தப்பாகப் போகிறது, இதுதான் செரிப்ரல் பால்சி என்று டாக்டர் விளக்கினாராம். நீங்கள் கேட்டது ஒன்றுதானாம்: சத்தம் கேட்டால் ஏன் விழுகிறாள்? திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு மொத்தமும் விறைத்துவிடும், அவளால் தடுக்க முடியாது என்றாராம். மறுநாளிலிருந்து இருமிவிட்டுத்தான் என்னிடம் வருவீர்கள். முப்பது வருடம்.

நீங்கள் போன மூன்றாவது வாரம், ஒரு மத்தியானம், சிங்க்கில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் இருமல் கேட்டது. பழக்கத்தில் மேடையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த நொடி தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. நான் விழவில்லை. வாசலில் யாரும் இல்லை.

அப்புறம் குக்கர் விசிலுக்கு முன்னால். பக்கத்து வீட்டுக் கதவு அறைவதற்கு முன்னால். பயந்துபோய் ஒரு மாதம் மறைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“எனக்கு ஒண்ணும் கேக்கல. ஆனா விசில் வர்றதுக்கு முன்னாடியே நீ செவுத்தப் புடிச்சிக்கிற. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

எனக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபி மேடத்திடம் கேட்டேன். பழகிய சத்தத்தை உடம்பு எதிர்பார்க்கும் என்றார். இருக்கலாம். டிரான்ஸ்ஃபார்மரையுமா?

போன மாதம் சந்தாபுராவில், ரோட்டோரம் நின்றபோது காதுக்குப் பின்னால் இருமினீர்கள். வாக்கரை இறுக்கிப் பிடித்துக் காத்திருந்தேன். எதுவும் வரவில்லை. ஒரு அடி வைக்க முடியவில்லை. அது மூளையின் வேலை இல்லை, வெறும் பயம். பூ விற்கிற ஒரு அம்மா, ரோட்டைக் கடக்க உதவ வந்தார்.

“பின்னாடி வராதீங்கக்கா, பயந்து விழுந்துடுவேன். எனக்குத் தெரியற மாதிரி முன்னாடி நடங்க,” என்றேன். அப்படியே நடந்தார். முன்பின் தெரியாதவரிடம் என் உடம்பைப் பற்றி நானே சொன்னது அதுதான் முதல் தடவை. எப்போதும் எனக்காக நீங்கள்தானே சொல்வீர்கள்?

அதன்பின் நீங்கள் இருமவில்லை. ஆபீஸில் எல்லோரிடமும் நானே சொல்லிவிட்டேன். சில நாள் விழுகிறேன், எழுந்துகொள்கிறேன். நீங்கள் ஓய்ந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன்.

இன்று காலை அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“இப்ப நீ இருமினியா?”

இல்லை என்றேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். எந்தச் சத்தமும் வரவில்லை. அவள் கழுத்தெல்லாம் வியர்வை. ஒண்ணுமில்ல, வாயு என்றாள். நான் விடவில்லை, ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு இதயத்தில் அடைப்பு, சரியான நேரத்தில் வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். வலிகூடப் பெரிதாக இல்லையே, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று என்னைக் கேட்டார். என்னவென்று சொல்வது, அப்பா?

அவளை இனி நான் பார்த்துக்கொள்கிறேன். இது சத்தியம். ஆனால் என் கால்கள் மெதுவாகத்தான் போகும். கொஞ்சம் முன்னதாகவே இருமுங்கள்.

உங்கள் மகள்,
வசந்தி