டேங்க் ஃபுல் என்று சொன்ன டிரைவருக்கு

டிரைவரே,

இன்று காலை உன் சர்க்கரை மிஷினைக் கையில் எடுத்தேன். ஜிப் வைத்த அந்தச் சின்னக் கறுப்புப் பையைத் திறந்ததும் டீசல் வாடை அடித்தது. உள்ளே இருக்கும் பஞ்சு, ஊசி, ஸ்ட்ரிப் டப்பா எல்லாம் நான் புதிதாக வாங்கியவை. வாடை மட்டும் உன்னுடையது. பஸ்ஸின் டூல்ஸ் பெட்டிக்குள், ஜாக்கிக்கும் கிரீஸ் துணிக்கும் நடுவே நீ இதை ஒளித்து வைத்திருந்தாய் அல்லவா, அதனால் வந்தது.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பும்போது உன் வீட்டுக்காரம்மா இதை என் கையில் கொடுத்தார். "இத வூட்ல வச்சிக்கினு பாத்துக்கினே இருக்க என்னால ஆவலண்ணா. உங்களுக்கும் சக்கரை வந்துட்டுதாமே, நீங்களே வச்சிக்குங்க" என்றார். நானும் வாங்கிக்கொண்டேன். நாம் இரண்டு பேரும் ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதில்லை. செஞ்சிக்கும் அவலூர்பேட்டைக்கும் நடுவே பதினோரு வருஷம் ஒரே வண்டியில் நீ எனக்கு டிரைவரே, நான் உனக்குக் கண்டக்டரே. அதனால் உன் பேரை இந்த மடலிலும் எழுதப்போவதில்லை.

மிஷினின் பக்கவாட்டில் ஒரு பட்டன் இருக்கிறது. அமுக்கினால் பழைய ரீடிங் ஒவ்வொன்றாகத் தேதியோடும் நேரத்தோடும் வரும். முந்நூற்றுப் பன்னிரண்டு. இருநூற்று எண்பத்தேழு. முந்நூற்று நாற்பது. எல்லாமே விடிந்தும் விடியாத நேரம், நம் முதல் ட்ரிப்புக்குப் பத்து நிமிஷம் முன்னால் எடுத்தவை. அந்த நேரத்தில் நூற்றுச் சொச்சத்தில் இருக்க வேண்டிய எண்கள் இவை என்று இன்று எனக்குத் தெரியும். அன்றும் தெரிந்துதான் இருந்தது. நீ டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தி, ஸ்டீரிங் மேல் கையை வைத்து, விரல் நுனியைக் குத்துவாய். எண் வந்ததும் முகம் மலர்ந்து என்னைப் பார்ப்பாய்.

"டேங்க் ஃபுல்லு கண்டக்டரே. தைரியமா ஏறு."

ஊரெல்லாம் சர்க்கரை ஏறியிருக்கிறதா என்று பயந்து குத்திப் பார்ப்பார்கள். உலகத்திலேயே நீ ஒருத்தன்தான் இறங்கியிருக்கிறதா என்று பயந்து குத்தினாய். எப்போதாவது நூற்றைம்பதுக்குப் பக்கத்தில் காட்டினால் போதும், "அய்யய்யோ, ரிசர்வுல ஓடுது" என்று இரண்டு பன்னை டீயில் முக்கித் தின்றுவிட்டுத்தான் சாவியைத் திருப்புவாய்.

இது எங்கே தொடங்கியது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உனக்குச் சர்க்கரை என்று தெரிந்த புதிது. காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டாய், டிபனுக்கு நேரமில்லை, வண்டியை எடுத்துவிட்டாய். சிங்கவரத்து ஆட்கள் ஏறும் ஸ்டாப்பில் நின்ற வண்டி கிளம்பவே இல்லை. முன்னால் வந்து பார்த்தால் உன் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கியர் மேல் இருந்த கை வெடவெடவென்று ஆடியது. "இன்னா டிரைவரே?" என்றேன். வாய் குழறியது. இப்படி ஆனால் உடனே இனிப்புப் போட வேண்டும் என்று டாக்டர் உனக்குச் சொல்லி, நீ எனக்குச் சொல்லியிருந்தாய். முன் சீட்டில் ஒரு அம்மா ரேஷன் பையை மடியில் வைத்திருந்தார். கேட்க நேரமில்லை. பைக்குள் கையை விட்டு ஒரு பிடி சர்க்கரையை அள்ளி உன் வாயில் போட்டேன்.

"யோவ், எம்மாம் நேரம் க்யூவுல நின்னு வாங்கனது தெரியுமாய்யா?" என்று அந்த அம்மா கத்தினார்.

கிளட்ச் கேபிள் மாட்டிக்கொண்டது, ஐந்து நிமிஷம் ஆகும் என்று பின்னால் இருந்தவர்களுக்குப் பொய் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் நீ தெளிந்து ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாய். ஆனால் அவலூர்பேட்டையில் இறங்கி டீ குடிக்கும்போதும் உன் டம்ளர் ஆடிக்கொண்டிருந்தது.

"மாத்திரைய போட்டா இப்டி ஆவுது. நா ஒருத்தன் போனா பரவால்ல கண்டக்டரே. பின்னால அறுவது பேரு ஒக்காந்துருக்கறாங்க."

"டாக்டராண்ட சொல்லிப் பாரேன்."

"சொன்னா வண்டி ஓட்டாதன்னு எழுதிக் குடுத்துடுவாரு. மொதலாளி ஷெட்ல ஒக்கார வச்சிடுவாரு. அப்பறம் எம் பொண்ண யாரு படிக்க வைக்கறது?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ சொல்றதும் கரெக்ட்டுதான்" என்றேன். உன் மேல் இருந்த அக்கறையில் மட்டும் சொல்லவில்லை. அந்த அறுபது பேரில் நானும் ஒருத்தன். வளைவில் வண்டி உருண்டால் படிக்கட்டில் நிற்கும் நான்தான் முதலில் போவேன். எனக்கும் உயிர்ப்பயம். இதை உன்னிடம் நேரில் சொல்லவே இல்லை.

அன்றிலிருந்து ட்யூட்டி நாளில் மாத்திரை கிடையாது. வீட்டில் அட்டையை எண்ணிப் பார்ப்பார்கள் என்று தினமும் ஒன்றைப் பிதுக்கி ஏரிக்கரை ஓரம் ஜன்னல் வழியாக வீசுவாய். அந்த ஏரி மீனுக்கெல்லாம் இந்த ஜென்மத்தில் சர்க்கரை வராது என்று நான் கிண்டல் செய்வேன். நீயும் சிரிப்பாய். ஆனால் உள்ளுக்குள் நீ எப்படி அடைபட்டுக் கிடந்தாய் என்று இப்போது புரிகிறது. வீட்டுக்குத் தெரியக் கூடாது, முதலாளிக்குத் தெரியக் கூடாது, டாக்டருக்குத் தெரியக் கூடாது. தெரிந்த ஒரே ஆள் நான். நான் உனக்குக் கதவைத் திறந்துவிடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

உன் வலது காலை முதலில் பார்த்ததும் நான்தான். இன்ஜின் சூட்டில் பெருவிரல் ஓரம் பெரிய கொப்புளம் கிளம்பி உடைந்திருந்தது. "வலிக்கலியா?" என்றேன். "எது?" என்று குனிந்து பார்த்தாய். அதற்கு இரண்டு மாதம் கழித்து அவலூர்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், ஒரு வாழைப்பழ வண்டியை முட்டித் தள்ளிவிட்டு நின்றது. நல்லவேளை, ஆள் யாருக்கும் அடி இல்லை. நீ இன்ஜினை நிறுத்தினாய். சாவியை உருவி என் கையில் வைத்தாய்.

"காலுக்கு பிரேக்கு எங்க இருக்குதுன்னே தெரியல கண்டக்டரே."

செஞ்சியிலிருந்து மாற்று டிரைவர் வரும் வரைக்கும் காத்திருந்தோம். திரும்பி வரும்போது நீ ஜன்னல் ஓரமாக ஒரு சீட்டில் உட்கார்ந்து, "எனக்கு ஒரு டிக்கெட் குடு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாய். என்னால் சிரிக்க முடியவில்லை. எந்த அறுபது பேரைக் காப்பாற்ற மாத்திரையை விட்டாயோ, அவர்கள் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது அந்த மரத்துப்போன கால்தான். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். நாலு மாதம் கட்டிலில் கிடந்தாய். நான் வரும்போதெல்லாம் வண்டி எப்படி ஓடுகிறது என்று மட்டும்தான் கேட்பாய்.

நீ கட்டிலில் கிடந்தபோதுதான் எனக்கும் சர்க்கரை என்று தெரிந்தது. டாக்டரிடம் உன் கதையைச் சொன்னேன், ஆள் யார் என்று சொல்லாமல். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். "சொல்லியிருந்தா மாத்திரைய மாத்திக் குடுத்துருப்போமேங்க. அவ்ளோ கீழ எறக்காத மாத்திரை இருக்கு. எவ்ளோ டிரைவருங்க அத போட்டுக்கினு ஓட்டறாங்க" என்றார். அவ்வளவுதான். ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். உன்னிடம் வந்து இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ போகும் வரைக்கும் சொல்லவில்லை.

இவ்வளவும் பார்த்தவன் ஒழுங்காக இருப்பான் என்றுதானே நினைப்பாய்? இல்லை. மாத்திரையை ஒருநாள் போடுவேன், இரண்டு நாள் மறப்பேன். வழியில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரே குடிக்க மாட்டேன். ட்ரிப் டைம் வைத்ததுதான் சாப்பாட்டு நேரம். காலையில் எழுந்ததும் இன்றைக்கும் குத்திக்கொள்ள வேண்டும், நாளைக்கும் குத்திக்கொள்ள வேண்டும், சாகும் வரைக்கும் இதுதான் என்று நினைத்தாலே மூச்சு முட்டும். இறங்க ஸ்டாப்பே இல்லாத வண்டியில் ஏறிவிட்ட மாதிரி இருக்கும்.

ஒரு வாரம் வெறும் வயிற்றில் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார் டாக்டர். இரண்டு தடவை வெறுங்கையோடு போய் நின்றேன். எனக்கு நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். இந்த மிஷினில் இத்தனை ரீடிங்தான் நிற்கும். நிறைந்துவிட்டது. இனிப் புதிதாக ஒன்று ஏறினால் பழையது ஒன்று இறங்கிவிடும். நான் ஒவ்வொரு தடவை குத்தும்போதும் உன்னுடைய காலைப்பொழுது ஒன்று அழிந்துபோகும். எப்படிக் குத்துவது?

போன வாரம் என் மகள், "நைனா, டெஸ்ட் எடுத்தியா?" என்று கேட்டாள்.

"எடுத்தேன். நூத்தி நாப்பது" என்றேன்.

அவள் மிஷினை வாங்கி பட்டனை அமுக்கினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இது அந்த மாமாவோட நம்பரு நைனா. தேதி போட்டுருக்குது" என்றாள். நான் காரணத்தைச் சொன்னேன். "அவ்ளோதானே, உனக்குப் புதுசா வேற மிஷின் வாங்கித் தரேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்து, "உன் வேலைய பாரு" என்று கத்திவிட்டேன். அவள் மிஷினை அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். அப்புறம்தான் உறைத்தது. உன் நினைவு என்று நான் சொல்லிக்கொண்டதெல்லாம் சால்ஜாப்பு. எனக்கு என் எண்ணைப் பார்க்கப் பயம்.

இன்று காலை குத்தினேன். இருநூற்றுத் தொண்ணூற்றாறு. டேங்க் ஃபுல் என்றுதான் முதலில் வாயில் வந்தது. பட்டனை அமுக்கிக்கொண்டே கடைசி வரைக்கும் போய்ப் பார்த்தேன். நீ பன் தின்ற நாளின் நூற்று நாற்பத்தெட்டு போய்விட்டிருந்தது. அழுகை வந்தது. தாளில் என் எண்ணை எழுதினேன். நாலு இட்லி தின்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன்.

உனக்குப் பிறகு வந்த டிரைவருக்கு நாற்பது வயசு இருக்கும். அதிகம் பேச மாட்டான். பக்கத்தில் போய், "எனக்கு சக்கரை இருக்குதுப்பா. கை கால் நடுங்கினா பயந்துக்காத, இனிப்பு குடு" என்றேன். இந்த வண்டியில் இதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எனக்குந்தாண்ணே. ரெண்டு வருசமா" என்றான்.

"மாத்திரை போடறியா?"

துடைத்த துணியை ஸ்டீரிங் மேல் போட்டான். பிறகு, "ட்யூட்டி நாள்ல போடறதில்ல" என்றான்.

வண்டி நிரம்பியிருந்தது. டைம் ஆகிவிட்டது. அவன் இன்ஜினைப் போட்டுவிட்டு, "ரைட் குடுண்ணே" என்றான். நான் விசிலை வாயில் வைக்கவில்லை.

"சாயங்காலம் ட்யூட்டி முடிஞ்சதும் என்கூட டாக்டராண்ட வரேன்னு சொல்லு. ஓட்டறவங்களுக்குன்னு வேற மாத்திரை இருக்குதாம். சொன்னாத்தான் ரைட்டு."

"இன்னாண்ணே வெளையாடறியா?"

"வெளையாடல."

பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். "இன்னா கண்டக்டரே, வண்டி போவுமா போவாதா?" என்று பின் சீட்டில் யாரோ சத்தம் போட்டார்கள். நான் படிக்கட்டுப் பக்கம் போகாமல் அவன் பக்கத்திலேயே நின்றேன். அவன் என்னையும் கண்ணாடியையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"வரேண்ணே" என்றான்.

ஊதினேன். வண்டி கிளம்பியது. பதினோரு வருஷமாக உனக்கும் எத்தனை ஆயிரம் தடவை இதே விசிலை ஊதியிருப்பேன். ஒரே ஒரு நாள் காலையில் ஊதாமல் நின்றிருக்கலாம், டிரைவரே.