கஷாயம் சாப்பாட்டில் சேருமா?

அன்புள்ள அப்பாவுக்கு, சுனிதாவின் வணக்கம். மூட்டுவலி குறைந்ததா? அம்மா நலமா? மஸ்கட்டில் நான் சுகம்.

நேற்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஆபரேஷனுக்கு வந்த நம் ஊர்ப்பக்கத்துக் குலசேகரத்துக்காரர் ஒருவர், வெறும் வயிறு என்று டாக்டரிடம் சத்தியம் செய்தார். எனக்குச் சந்தேகம்.

"காலையில கஷாயம் வல்லதும் குடிச்சியளா?"

"அது குடிக்காம இருப்பனா மக்கா? கஷாயம் சாப்பாடா?"

மயக்கமருந்து கொடுத்தபின் அது வயிற்றிலிருந்து மேலேறி நுரையீரலுக்குள் போயிருந்தால் மூச்சே நின்றிருக்கும். ஆபரேஷனை இன்றைக்குத் தள்ளிவைத்தார்கள். இன்று அது முடியும்வரை அவர் மூச்சைத் திரையில் நான்தான் கவனித்தேன். ஒரு தடங்கலும் இல்லை. கஷாயத்தைப் பற்றியும் இனி நோயாளிகள் எல்லோரிடமும் கேட்கவேண்டுமாம்.

லீவு முடிந்து ஜெனித் இங்கே திரும்பி வரும்போது நீங்கள் இடித்த சுக்குப்பொடி கொடுத்தனுப்புங்கள். கடைப்பொடியில் நம் வீட்டு மணம் இல்லை.

கூப்பிடுகிறார்கள், போகவேண்டும். "உனக்கு மட்டும் எப்படித் தோன்றியது?" என்று தலைமை டாக்டர் எல்லோர் முன்னும் கேட்டார். "நான் மயிலாடி வைத்தியர் மகள்" என்றேன்.

சுனிதா