எப்போதும் வீட்டில் இருப்பவள்

என் அருமை மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், மூட்டுவலி மட்டும் என்னை விட்டுப் போக மனமில்லாமல் கூடவே இருக்கிறது. உன் சுகத்தை நாலு மாதமாக வழிப்போக்கர்கள் வாயால்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இனியாவது உன் கையெழுத்தில் பார்க்க வேண்டும். உன் போனுக்கு அடித்தால் மணியே போவதில்லை. அதனால் இந்தக் கடிதத்தை, கை சுளுக்கி ஒரு வாரமாக நம் வீட்டில் தங்கியிருக்கிற பெண்ணிடம் கொடுத்தனுப்புகிறேன். அவளும் உன்னைப்போல மோட்டார் சைக்கிளில் நாடு நாடாகச் சுற்றுகிறவள், நீ போன மலைப்பாதையில்தான் போகப் போகிறாளாம். தன்னால் முடியாவிட்டால் எதிரே வருகிற யாரிடமாவது கொடுப்பேன், கைமாறிக் கைமாறி எப்படியும் சேர்ந்துவிடும் என்கிறாள். உங்கள் கூட்டத்தில் தபால்காரருக்கு வேலையே இல்லை போலிருக்கிறது.

புறப்படும் முன் நீ செய்துவிட்டுப் போன காரியத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் ஆட்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் தங்குவதற்கு வைத்திருக்கிற பட்டியலில் நம் விலாசத்தைப் போட்டு, அம்மா எப்போதும் வீட்டில் இருப்பாள், கிழிந்ததைத் தைத்தும் கொடுப்பாள் என்று எழுதிவிட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? அன்றிலிருந்து நான் கதவைப் பூட்டவில்லை. நான் பையை எடுத்தாலே இவர்களுக்கு எங்கிருந்துதான் மூக்கில் வேர்க்குமோ, வாசலில் ஒரு வண்டி வந்து நிற்கும். வருகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கிற பிள்ளைகள். ஆனால் நெட்டை என்று நான் பேர் வைத்திருக்கிறவன், மழைக்கு ஒதுங்க வண்டியைக் கூடத்துக்குள்ளேயே ஏற்றி, எஞ்சினைப் பிரித்து, கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொரு திருகாணியையும் விரிப்பில் பரப்பி வைத்துவிட்டு, உடைந்த பாகம் வாங்கி வருகிறேன் என்று பஸ் ஏறினான். ஐந்து வாரமாகிறது. வரிசை கலைந்தால் வண்டி செத்தது என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறான். அடுப்படியிலிருந்து தையல் மெஷினுக்குச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நண்டு மாதிரி நடக்கிறேன். ஒருநாள் துடைப்பம் பட்டு ஒரு வளையம் உருண்டுவிட்டது, அதன் இடம் எது என்று தெரியாமல் ஒரு மணி நேரம் விழித்தேன். துணி தைக்க வருகிறவர்கள் வாசற்படியில் நின்றே அளவு கொடுக்கிறார்கள். என் வீட்டில் எனக்குக் காலை வைக்க இடமில்லை.

இதற்கிடையில் ஊரில் உன் பெரியம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். அவளுக்கும் என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்? வருகிறேன் வருகிறேன் என்று மூன்று முறை சொல்லி மூன்று முறையும் போகவில்லை. எதிர்வீட்டுப் பல் டாக்டர் தங்கமான மனிதர், சாவியைக் கொடுங்கள், வருகிறவர்களுக்கு நான் திறந்துவிடுகிறேன் என்றார். என்னவோ சொல்லித் தட்டிக்கழித்தேன். உண்மையை உன்னிடம்தானே சொல்ல முடியும். அவர் கதவைத் திறப்பார், படுக்க இடம் காட்டுவார், வழியில் என் பிள்ளையைப் பார்த்தாயா என்று கேட்பாரா? போன மாதம் வந்த ஒருவன், உங்கள் பிள்ளை தாடியும் மீசையுமாக இளைத்துப் போயிருக்கிறான், ஆனால் சிரித்துக்கொண்டு இருக்கிறான் என்றான். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டினேன். நான் பூட்டிவிட்டுப் போகிற நாளில் வந்து திரும்புகிறவன்தான் உன்னைப் பார்த்தவனாக இருப்பான் என்ற பயம். நீ கட்டிப்போட்டது பாதி, நானே கட்டிக்கொண்டது மீதி.

நேற்று பெரியம்மா போன் செய்தாள். அழவில்லை, திட்டவும் இல்லை. "நீ வர்றியா, இல்ல உன் பிள்ளை வர்ற வரைக்கும் நான் ஆபரேஷனைத் தள்ளிப்போடவா?" என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. உடனே கை சுளுக்கிய பெண்ணைக் கூப்பிட்டுப் பட்டியலில் நம் விலாசத்துக்குப் பக்கத்தில், வீட்டில் ஆள் இல்லை என்று போடச் சொன்னேன். போட்டாயா என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டேன். வியாழக்கிழமை காலை கிளம்புகிறேன். நெட்டையின் சாமான்களை அப்படியே உள்ளே வைத்துப் பூட்டுகிறேன், திரும்பி வந்தானானால் காத்திருக்கட்டும். சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை. கொடுத்தால் உடம்பு மட்டும்தான் அங்கே போகும், மனசு இந்த வாசலிலேயே நிற்கும். எத்தனை நாள் ஆகுமோ தெரியாது, ஒரு மாதமோ இரண்டோ.

வேளைக்குச் சாப்பிடு, தூக்கம் வந்தால் வண்டியை ஓரங்கட்டு, மழையில் வீரம் காட்டாதே. போகிற பாதையெல்லாம் உனக்கு நல்ல பாதையாக அமையட்டும், நூறு வயது நன்றாக இரு. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். நான் இல்லாத நேரத்தில் நீ வந்து சேர்ந்தால், பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடாதே. உடைத்துக்கொண்டு உள்ளே போ.

ஆசையோடு,
உன் அம்மா