பேரம் பேசாமல் வாங்கிய டயர்

திங்கள்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று மத்தியானம் மூன்று பேர் கடைக்கு வந்து ஒரு பழைய லாரி டயர் வாங்கினார்கள். நான் சொன்ன விலையை அப்படியே கொடுத்தார்கள். இருபத்திரண்டு வருஷமாகப் பழைய டயர் விற்கிறேன், பேரம் பேசாமல் வாங்கியவன் ஒருவனும் இல்லை. அப்போதே சந்தேகம் வந்தது. டயரை எடுத்துப் போகவும் இல்லை. அவர்களில் மூத்தவன் அதை வாசலில் சாய்த்துவிட்டுச் சொன்னான்: "இங்கேயே இருக்கட்டும் அக்கா. வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க தம்பி மனுவை வாபஸ் வாங்கலேன்னா, ஓட்டு அன்னிக்கு வந்து இங்கேயே கொளுத்திக்கிறோம்."

மனுவில் வீட்டு முகவரி கேட்டால் என் கடை முகவரியையா எழுதுவாய்? நகராட்சிச் சுவரில் ஒட்டிய பட்டியலைப் பார்த்துத்தான் வந்தார்களாம். கடை முழுக்க ரப்பர். ஒரு தீக்குச்சி போதும்.

நீ போனை எடுப்பதில்லை, அதனால் பேப்பர்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கட்சி இல்லை, கொடி இல்லை, உனக்கு எதற்கு கவுன்சிலர் ஆசை? நாலு வருஷம் ஜெயிலுக்குக் கடிதம் எழுதினவள் கேட்கிறேன். வாபஸ் வாங்கிவிடு.

உன் அக்கா

புதன்கிழமை

அக்காவுக்கு,

தப்புதான். ஜெயிலுக்கு வந்த கடிதங்களில் எல்லாம் உன் கடை முகவரிதான் இருக்கும். முகவரி என்றதும் கை தானாக அதை எழுதிவிட்டது.

போனிலும் அதே ஆட்கள்தான் பேசுகிறார்கள். எனக்கும் பயம். பின்னால் பைக் சத்தம் கேட்டால் சந்துக்குள் ஒதுங்கிவிடுகிறேன்.

குடித்துவிட்டு லாரி ஓட்டி, விளக்கில்லாத வளைவில் ஒரு தச்சரைக் கொன்றவன் நான். வெளியே வந்த ஏழு வருஷமாக ஒரு சொட்டு தொடவில்லை, அந்த வளைவுக்கு விளக்கு கேட்டு அலைகிறேன். விளக்குக்கு ஒதுக்கின பணம் யார் வீட்டு மாடியாக ஏறியது என்று கூட்டத்தில் கேட்டேன். அதுதான் அவர்களுக்குக் கோபம். என்னை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டது அந்தத் தச்சரின் மனைவி.

ஆனாலும் கடை உன்னுடையது. விலகு என்று இன்னொரு தடவை எழுது, விலகிவிடுகிறேன்.

தம்பி

வியாழக்கிழமை

தம்பிக்கு,

அந்த அம்மாவைப் போய்ப் பார்த்தேன். உனக்காகப் பரிந்து பேசுவார் என்று நினைத்தேன். "உங்க தம்பி மேல எனக்கு இன்னும் ஆத்திரம்தான். இவங்களுக்குப் பயந்து ஓடினான்னா அது ரெண்டு மடங்காயிடும்" என்றார். டீ கொடுத்தார். பாதி டீயிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

திரும்பி வந்து, சரக்கு மொத்தத்தையும் வெளியூர் வியாபாரிக்கு அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டேன். அந்த ஒரு டயர் மட்டும் வாசலில் நிற்கிறது. காசு வாங்கியாயிற்று, அது அவர்கள் சரக்கு.

பயம் போகவில்லை. ஆனால் விலகு என்று எழுதப் போவதில்லை. இதற்குப் பதிலாக நீ எங்கேயும் தனியாகப் போகக் கூடாது. தினமும் இருட்டுவதற்குள் இரண்டு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். வரவில்லையென்றால் நானே வந்து இழுத்துப் போவேன், மனுவாவது மண்ணாவது.

அக்கா

வெள்ளிக்கிழமை

அக்காவுக்கு,

மூன்று மணிக் கெடு தாண்டிவிட்டது. வாபஸ் வாங்கவில்லை. அதிகாரி கதவைச் சாத்தும்வரை வாசலிலேயே நின்றேன்.

தனியாகப் போக மாட்டேன். இரண்டு பக்கம் ரொம்ப அதிகம். ஒரு வரிக்கு முடித்துக்கொள்.

தம்பி

சனிக்கிழமை

தம்பிக்கு,

சரி, தினம் ஒரு வரி. இருட்டுவதற்குள் வர வேண்டும், உன் கையெழுத்தில் இருக்க வேண்டும்.

அக்கா