வடக்கிருக்கும் தம்பிக்கு

அலை ஓயாத வெண்கடல் நாடும், அதன் நெல்லும் உப்பும் நீடு வாழ்க. முத்துக்குடை நிழலில் அமர்ந்த பேரரசி கோதைமங்கையார், மேலைக்கோட்டைக் காவலரும் தம்மோடு ஒரே தொட்டிலில் உறங்கியவருமான தம்பி எழினிநம்பியாருக்கு விடுத்த திருமுகம். எழுதுவது ஓலைநாயகம் மாறங்காரி.

தாங்கள் ஏரிக்கரையில் வடக்கு நோக்கி அமர்ந்து, உண்ணாமல் உயிர்விடத் துணிந்தீர் என்ற செய்தியை அரசியார் இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். தங்கள் முத்திரை இல்லாமல் ஏரி மடை திறக்கலாகாது என்று தாங்கள் ஆணையிட்டது, வலியவர் எளியவரின் நீரைத் திருடாதிருக்கவே. அவசரத்துக்கு இன்னொரு முத்திரை வேண்டுமென்று மடைக்காவலர் இரந்தபோது தாங்கள் மறுத்தீர். பெருமழையன்று முத்திரையோடு தாங்கள் எல்லைப்போரில் இருந்தீர். காவலர் ஆணைக்கு அஞ்சிக் கைகட்டி நின்றனர். கரை உடைந்து பதினொரு உயிர் போயிற்று. அரசியார் இதை மூடி மறைக்கவில்லை. சிறுவயது முதலே தாங்கள் பிடித்த பிடியை விடாதவர் என்பதை அவரைவிட அறிந்தவர் யார்?

தங்கள் செய்தி வருவதற்கு முந்தைய நாள்தான் துறைமுகத்தில் யவனர் ஆடிய கூத்தில் ஒரு மன்னன் வீழ்வதைக் கண்டு அரசியார் அழுதிருந்தார். செய்தி கேட்டபின் அக்கூத்தர்தலைவன் பிலோனை வரவழைத்து, தவறிழைத்தவனுக்காக நான் ஏன் அழுதேன் என்று வினவினார். கொடியவன் விழுந்தால் எங்கள் நாட்டில் எவரும் கலங்கார் என்றும், குற்றமே இல்லாதவன் விழுந்தால் தெய்வத்தின்மேல் சினமே மூளும் என்றும் அவன் பணிந்து உரைத்தான். உயர்ந்தவன் ஒருவன், நல்லவன், தன் நற்குணம் மிகுந்ததாலேயே தவறி, அத்தவறைத் தானே காணும்போது, நமக்கும் இது நேருமே என்ற அச்சமும் அவன்மேல் இரக்கமும் சேர்ந்து அழவைக்கும். அவனே எங்கள் கூத்தின் நாயகன் என்றான்.

தவறைக் கண்டபின் அந்நாயகன் என்ன செய்வான் என்று அரசியார் கேட்டார். பெரும்பாலும் அதோடு கூத்து முடியும், பார்த்தவர் வீடு திரும்புவர் என்றான் பிலோன். அப்போது அரசியார் சொன்னதை அப்படியே பொறிக்கிறேன்:

"என் தம்பி கூத்தாட வரவில்லை. கரை இன்னும் உடைந்தே கிடக்கிறது."

ஆதலால் ஆணை. ஓலை கண்டதும் எழுந்து கஞ்சி அருந்துவீராக. பதினொரு வீட்டு வாசலிலும் தாங்களே சென்று நின்று, அவர்கள் ஏசுவதையெல்லாம் கேட்பீராக. இத்துடன் வரும் இரண்டாம் முத்திரையை மடைக்காவலரிடம் கொடுத்து, மண் சுமப்போரோடு சுமப்பீராக.

அரக்கு இடுமுன், எழுத வேண்டாம் என்று அரசியார் தடுத்த ஒன்றை அடியேன் துணிந்து எழுதுகிறேன். செய்தி வந்த நாள் முதல் அவரும் உண்ணவில்லை.